ஓடும் நீரில் ஒளி

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் இயற்பியல் வரலாறு ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஒரே நூற்பாவுக்கு மூவர் மூன்று உரை கண்டனர். நூற்பா மாறவில்லை, உரைகள் மாறின. மூன்றாம் உரை எழுந்தபோது காலத்தைப் பற்றிய நம் எண்ணமே மாறியிருந்தது. இக்கட்டுரை கூறவரும் செய்தி இதுவே. மூலத்துக்கும் உரைக்கும் இடையிலுள்ள உறவை இடையறாது எண்ணிப் பார்ப்பவர்கள் நம் வட்டத்தினர். ஆதலின் இவ்வரலாறு அவர்களுக்கு அயலானதன்று.

சார்பியல் கொள்கையின் தோற்றத்தைக் கூறும் பாடநூல்கள் பலவும் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக்கெல்சனும் மார்லியும் நிகழ்த்திய ஆய்விலிருந்து தொடங்குகின்றன. ஈதர் என்னும் ஊடகத்தினூடே பூமி செல்வதை அளக்க முயன்று, எதிர்பார்த்த விளைவைக் காணாது முடிந்த ஆய்வு அது. அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. எனினும் அதற்கு 36 ஆண்டுகள் முன்னரே, 1851இல், பிரெஞ்சு நாட்டில் இரு சிறு குழாய்களில் ஓடிய நீர் அதனினும் ஆழமான செய்தியொன்றைச் சொல்லிவிட்டது. அதனைப் படித்தறிய 56 ஆண்டுகள் ஆயின.

கூட்டல் என்னும் பழக்கம்

ஆற்று நீர் மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அசையா நீரில் மணிக்கு 6 கிலோமீட்டர் செல்லவல்ல படகு அவ்வோட்டத்தோடு சென்றால், கரையில் நிற்பவர்க்கு அதன் வேகம் 10 கிலோமீட்டர். தொடக்கப்பள்ளி முதல் நாம் போட்டுவரும் கணக்கு இது. இதன் பின்னால் ஒரு கொள்கை இருக்கிறது என்ற நினைவே நமக்கு எழுவதில்லை. வேகத்தோடு திசையையும் சேர்த்துக் குறிக்கத் 'திசைவேகம்' என்ற சொல்லைப் பாடநூல்கள் ஆள்கின்றன. ஒரே கோட்டில் நிகழும் இயக்கங்களையே இங்குப் பேசுவதால் வேகம் என்றே எழுதுகிறேன்.

அக்கொள்கைக்கு உருவம் தந்தவருள் தலையாயவர் கலிலியோ. உலக அமைப்புகள் இரண்டைப் பற்றி உரையாடல் வடிவில் அவர் எழுதிய நூல் 1632இல் வெளிவந்தது. அதில் ஒரு கப்பலின் உள்ளறையை நமக்குக் காட்டுகிறார். அடைத்த அவ்வறையில் பூச்சிகள் பறக்கின்றன; கிண்ணத்தில் மீன்கள் நீந்துகின்றன; மேலே தொங்கும் கலத்திலிருந்து நீர் சொட்டுகிறது. கப்பல் நின்றாலும் சீராகச் சென்றாலும் இவற்றில் எவ்வேறுபாடும் தெரியாது என்பது அவர் துணிபு. அறைக்குள் இருப்பவர் அளந்த வேகத்தோடு கப்பலின் வேகத்தைக் கூட்டினால், கரையில் இருப்பவர் அளக்கும் வேகம் கிடைத்துவிடும். படகுக்கும் பந்துக்கும் வண்டிக்கும் இக்கூட்டல் பொய்த்ததாக எவரும் கண்டதில்லை. ஆதலின் அதனை ஐயுறக் காரணமும் இருந்ததில்லை. ஒளியை அளக்கத் தொடங்கிய பின்னரே ஐயம் பிறந்தது.

அராகோவின் வினாவும் ஃபிரெனெலின் விடையும்

ஒளி பரவுதற்குக் காலம் பிடிக்கிறது என்பதை 1676இல் ரோமர் வியாழனின் துணைக்கோளைக் கொண்டு காட்டினார். அவ்வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர். ஞாயிற்றைச் சுற்றிவரும் பூமியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். படகுக் கணக்கின்படி, ஒரு விண்மீனை நோக்கிப் பூமி செல்லும்போது அதன் ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்கு மிகுந்த வேகத்தோடு வந்து சேரவேண்டும். ஆறு திங்கள் கழித்துப் பூமி விலகிச் செல்லும்போது அதே அளவு குறையவேண்டும்.

1810இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ இதனைச் சோதித்தார். கண்ணாடிக்குள் புகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பது அதன் வேகத்தைப் பொறுத்தது. ஆகவே தொலைநோக்கியின் முன் ஒரு முப்பட்டகத்தைப் பொருத்தி, பூமி அணுகிச் செல்லும் விண்மீன்களின் ஒளி ஒருவாறும், விலகிச் செல்லும் விண்மீன்களின் ஒளி வேறொருவாறும் வளைகிறதா என்று பார்த்தார். எல்லாம் ஒருபடித்தாகவே வளைந்தன. விண்மீன்கள் பல்வேறு வேகமுடைய கதிர்களை வெளியிடுகின்றன எனவும், குறிப்பிட்ட வேகமுடையவை மட்டுமே கண்ணுக்குப் புலனாகின்றன எனவும் அராகோ கருதினார். விதிக்கு அடங்காத சொல்லாட்சியைக் கண்டவிடத்து நம் உரையாசிரியர்கள் அமைதி கூறுவரே, அதனைப் போன்றது இது.

இவ்வமைதியில் நிறைவு கொள்ளாத அராகோ, ஒளியை அலையாகக் கண்ட இளம் பொறியாளர் ஃபிரெனெலிடம் வினாவை முன்வைத்தார். ஃபிரெனெல் 1818இல் ஒரு மடலாக விடை எழுதினார். ஒளியலைகள் ஈதரில் பரவுகின்றன. கண்ணாடி, நீர் முதலியவற்றின் உள்ளே ஈதர் செறிவாக இருக்கிறது. பொருள் நகரும்போது உள்ளிருக்கும் ஈதர் முழுவதும் உடன் செல்வதில்லை, மிகுதியாகச் செறிந்துள்ள பகுதி மட்டுமே செல்கிறது. இது அவர் கருத்து. இதிலிருந்து ஒரு சிறு விதி கிடைத்தது. பொருளின் ஒளிவிலகல் எண்ணை வர்க்கமாக்கி, அதனால் ஒன்றை வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். எஞ்சும் பின்னம் எதுவோ, பொருளின் வேகத்தில் அந்தப் பங்கு மட்டுமே ஒளிக்குச் சேரும். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4/3. எனவே நீருக்குரிய பின்னம் 7/16, அதாவது ஏறத்தாழ 0.44.

இதுவே நம் நூற்பா. ஈதரின் பகுதி இழுப்பு என்பது அதன் முதல் உரை. விதியைத் தந்தவர் 1827இல் தம் 39ஆம் அகவையில் காசநோயால் மறைந்தார். அதனை நேரடியாக அளந்து பார்த்தவர் அதுவரை எவருமில்லை.

ஃபீசோவின் குழாய்கள்

அளந்தவர் இப்போலித் ஃபீசோ. 1849இல் சுரேன் என்ற ஊருக்கும் மோன்மார்த்திர குன்றுக்கும் இடையே, சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளிகளின் வழியே ஒளியைச் செலுத்தித் திரும்பப் பெற்று, அதன் வேகத்தை நிலத்தின்மேலேயே அளந்து காட்டியவர். அவர் பெற்ற விடை இன்றைய அளவினும் ஏறத்தாழ 5 விழுக்காடு மிகுதி. முதன்முயற்சிக்கு அது வியத்தகு துல்லியம். இரண்டாண்டுகள் கழித்து ஓடும் நீரை எடுத்துக்கொண்டார்.

ஒன்றரை மீட்டர் அளவு நீளமுள்ள இரு கண்ணாடிக் குழாய்களை அருகருகே வைத்தார். அவற்றின் உள்விட்டம் 5 மில்லிமீட்டரைச் சற்றே கடந்தது. ஒரு குழாயில் சென்று மற்றொன்றில் திரும்புமாறு நீர் விரைந்தோடியது. நொடிக்கு 7 மீட்டர் வேகம். மிதிவண்டியை விரைந்து மிதிப்பவர் எட்டக்கூடிய வேகமே அது. ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி இரு குழாய்களிலும் நீரோட்டத்தோடு செல்லவும், மறுபாதி இரு குழாய்களிலும் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லவும் செய்தார். இரு பாதிகளும் ஒரே பாதையை எதிரெதிராகக் கடந்து வந்து ஒன்று சேர்ந்தன. பாதை ஒன்றே ஆதலின், நீரின் வெப்பத்தாலோ அழுத்தத்தாலோ நேரும் மாற்றம் இரண்டையும் ஒருசேரத் தாக்கி நீங்கிவிடும். நீரின் ஓட்டத்தால் விளையும் வேறுபாடு மட்டுமே எஞ்சும். ஆய்வின் நுட்பமெல்லாம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது.

எஞ்சும் வேறுபாடு எத்துணைச் சிறிது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரு பாதிகளும் வந்து சேரும் நேரங்களின் இடைவெளி, ஒரு நொடியை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அவற்றுள் ஏறத்தாழ நான்கு பங்கு. இதனைக் காட்டவல்ல கடிகாரம் அன்று எங்கும் இல்லை. ஆனால் இரண்டு ஒளியலைகள் சேருமிடத்தில் தோன்றும் குறுக்கீட்டு வரிகள் அந்த இடைவெளியைக் கண்ணால் காணும் அளவுக்குப் பெரிதாக்கித் தரும். ஒளி நீரின் வேகத்தை முழுவதும் பெறுமானால் வரிகள் தம் இடைவெளியில் 0.46 பங்கு நகரவேண்டும். ஃபிரெனெலின் விதி மெய்யானால் 0.20 பங்கு நகரவேண்டும். ஃபீசோ கண்டது 0.23. படகுக் கணக்கு பொய்த்தது. ஃபிரெனெலின் விதி நின்றது.

வேறு வகையாகவும் இதனைச் சொல்லலாம். அசையா நீரில் ஒளியின் வேகம் நொடிக்கு 22.5 கோடி மீட்டர். நீரோட்டம் 7 மீட்டர். கூட்டினால் 22 கோடியே 50 இலட்சத்து 7 மீட்டர் வரவேண்டும். 7க்கு மாறாக 3 மீட்டரே சேர்ந்தது. ஏறத்தாழ 4 மீட்டர் எங்கோ தொலைந்தது. 22.5 கோடியில் 4! இத்தொலைவின் காரணத்தைத் தேடியதே இனிவரும் வரலாறு.

பொருந்தாத உரை

தம் ஆய்வு ஃபிரெனெலின் விதியை மெய்ப்பித்த பின்னும் ஃபீசோ அதன் விளக்கத்தை ஏற்பதில் அவசரம் காட்டவில்லை. விதி சரியாக இருக்கிறது. ஆனால் ஈதரின் ஒரு பகுதி மட்டும் இழுக்கப்படுகிறது என்னும் கருத்து விந்தையானது. உண்மை நிலை அதுவே எனக் கொள்ளுமுன் மேலும் சான்றுகளும், கணித வல்லாரின் ஆழ்ந்த ஆராய்ச்சியும் வேண்டும் என்ற கருத்துப்பட அவர் தம் கட்டுரையை முடித்தார். வென்றவர் காட்டிய இந்த அடக்கம் என்னை மிகவும் ஈர்க்கிறது. மூலபாடம் திருத்தமாகக் கிடைத்துவிட்டது, உரையை நம்பிவிட வேண்டா என்று அவர் பிரித்துக் கூறினார்.

அவர் ஐயம் பொய்யாகவில்லை. ஒளிவிலகல் எண் நிறத்துக்கு நிறம் மாறுவது. அப்படியாயின் சிவப்பொளிக்கு ஓர் அளவும் நீல ஒளிக்கு வேறோர் அளவுமாக, ஒரே நீர் ஒரே ஈதரை இழுத்துச் செல்ல வேண்டும். இதனை ஒப்புவது எங்ஙனம்? எனினும் விதி மட்டும் ஒவ்வொரு சோதனையிலும் நின்றது. 1871இல் கிரீனிச்சில் ஜார்ஜ் ஏரி என்னும் வானியலார் தொலைநோக்கிக்குள் நீரை நிரப்பி விண்மீனைப் பார்த்தார். நீருக்குள் ஒளி மெல்லச் செல்வதால் விண்மீனின் தோற்ற இடம் மாறவேண்டும் என்பது ஓர் எதிர்பார்ப்பு. மாறவில்லை, ஃபிரெனெலின் விதியும் அதையே சொல்லியிருந்தது. 1886இல் மைக்கெல்சனும் மார்லியும் ஃபீசோவின் ஆய்வையே பெரிய கருவிகளோடு மீண்டும் செய்தனர். நீருக்கு அவர்கள் பெற்ற பின்னம் 0.434; பிழை எல்லை 0.02. புகழ்பெற்ற 1887ஆம் ஆண்டு ஆய்வுக்கு முந்தைய ஆண்டு நிகழ்ந்தது இது. இருவரும் முதலில் ஓடும் நீரை ஆராய்ந்தவர்கள் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

இரண்டாம் உரையை எழுதியவர் ஆலந்து நாட்டு லோரன்ட்ஸ். 1890களில் அவர் ஈதரை அசையாப் பொருளாகக் கொண்டார். நீரிலுள்ள மின்னேற்றத் துகள்கள் ஒளியால் அசைந்து தாமும் அலைகளை எழுப்புகின்றன; இவையெல்லாம் சேர்ந்து விளைவதே பகுதி இழுப்பாகத் தோன்றுகிறது; உண்மையில் ஈதர் இழுக்கப்படுவதே இல்லை என்றார். அதே பின்னம் வந்தது. நிறத்தால் நேர்ந்த இடர்ப்பாடும் நீங்கிற்று. கணக்கை எளிதாக்க அவர் 1895இல் ஓர் உத்தியைக் கையாண்டார். நகரும் பொருளில் இடத்துக்கு இடம் சற்றே மாறும் ஒரு நேரத்தைக் கற்பித்து, அதற்கு இடநேரம் என்று பெயரிட்டார். அவர் கருத்தில் அது கணக்குக்காகக் கொண்ட கற்பனை. மெய்யான நேரம் வேறு.

பெர்னிலிருந்து வந்த கட்டுரை

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய 26 அகவை இளைஞர் ஐன்ஸ்டைன், 1905இல் அந்தக் கற்பனையை மெய்யென்று கொண்டார். இயங்கும் பொருள்களின் மின்னியக்கவியல் பற்றிய அவர் கட்டுரை சூன் 30 அன்று செர்மானிய இதழ் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. அதன் ஐந்தாம் பகுதி வேகங்களின் கூட்டலைப் பற்றியது. பிரெஞ்சுக் கணித மேதை பொயன்காரேயும் அவ்வாண்டிலேயே இவ்வாய்பாட்டை அடைந்தார்.

கப்பலில் நடப்பவரின் வேகம் கப்பலின் மீட்டராலும் கப்பலின் நொடியாலும் அளக்கப்பட்டது. கப்பலின் வேகமோ கரையின் மீட்டராலும் கரையின் நொடியாலும் அளக்கப்பட்டது. இரண்டையும் அப்படியே கூட்டுவது, இரு நாட்டு நாணயங்களை மாற்றிக்கொள்ளாமல் ஒன்றாக எண்ணுவதை ஒக்கும். கரையின் அளவைக்கு மாற்றிக்கொண்டு கூட்டினால் புதிய வாய்பாடு கிடைக்கிறது. ஒளியின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால் அது மிக எளியது: இரு வேகங்களின் கூட்டுத்தொகையை, அவற்றின் பெருக்கற்பலனோடு 1 சேர்த்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ஒளியில் பாதி வேகமும் பாதி வேகமும் சேர்ந்தால் முழு வேகம் வருவதில்லை, 4/5 வருகிறது. 0.9உம் 0.9உம் சேர்ந்தால் 0.9945 வருகிறது. 1உடன் எதனைச் சேர்த்தாலும் 1 மட்டுமே.

நம் இலக்கணச் சொல்லால் கூறினால், இதனைக் கூட்டல் என்பதினும் புணர்ச்சி என்பது பொருந்தும். பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை என இயல்பாக நிற்பதையும், மரமும் வேரும் சேர்ந்து மரவேர் என ஓரெழுத்துக் கெடுவதையும் நன்னூல் வழி நாம் அறிவோம். வேகங்களும் சேருமிடத்தில் ஒரு பகுதி கெடுகின்றது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. இயல்பும் விகாரமும் நமக்கு இரு விதிகள். இங்கோ விதி ஒன்றே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வரும் இரு தொடர்வண்டிகளின் வேகங்கள் சேரும்போதும் கெடுதல் உண்டு. அது நொடிக்கு ஒரு மீட்டரின் இலட்சம் கோடியில் ஏறத்தாழ அரைப் பங்கு. அளக்க இயலாத சிறுமையால் அதனை இயல்பு என்று கொண்டுவிட்டோம்.

மூன்றாம் உரை

ஐன்ஸ்டைனின் கட்டுரையில் ஃபீசோவின் பெயர் இல்லை. வாய்பாட்டையும் நீரையும் இணைத்துக் காட்டியவர் பெர்லினில் பிளாங்கின் உதவியாளராக இருந்த மாக்ஸ் லாவே, ஆண்டு 1907. அவர் செய்தது வியக்கத்தக்க அளவுக்கு எளியது. நீரில் ஒளியின் வேகம் 3/4. அதனோடு நீரோட்டத்தின் சிறு வேகத்தைப் புதிய வாய்பாட்டின்படி சேர்க்க வேண்டும். 3/4இன் வர்க்கம் 9/16. அதனை 1இலிருந்து கழித்தால் 7/16. நீரோட்டத்தில் 7/16 பங்கே ஒளிக்குச் சேரும். ஃபிரெனெலின் விதி முழுமையாக வந்துவிட்டது. ஈதர் இல்லை, இழுப்பும் இல்லை, துகள்களின் அசைவைப் பற்றிய நெடிய கணக்கும் இல்லை. இரு வேகங்கள் சேர்ந்தன, அவ்வளவே. தொலைந்த 4 மீட்டர் நீரில் தொலையவில்லை, நம் கூட்டலில் தொலைந்தது.

இதனுள் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. நகரும் மீட்டர் சுருங்குவதும் நகரும் கடிகாரம் மெல்ல ஓடுவதும் நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கணக்கில் கொள்ளத்தக்கன அல்ல. அந்த 4 மீட்டருக்கு முழுக் காரணம் மூன்றாவதான ஒன்று. நீரோடு மிதந்து செல்பவர் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரு கடிகாரங்களை வைத்து அவற்றை ஒத்து ஓடச் செய்கிறார் என்று கொள்வோம். அவருக்கு ஒரே நேரம் காட்டும் அவை கரையில் நிற்பவர்க்கு ஒரே நேரம் காட்டுவதில்லை. வேறுபாடு, நொடியின் நூறு கோடி கோடியில் ஒரு பங்கு அளவே. 'இப்பொழுது' என்ற சொல் நீரில் செல்பவர்க்கும் கரையில் நிற்பவர்க்கும் ஒன்றாக இல்லை. லோரன்ட்ஸ் கற்பனையென்று கருதிய இடநேரம் இதுவே. 1851இல் ஃபீசோ கண்ட வரிகளின் நகர்வில் பதிந்திருந்தது, உலகனைத்துக்கும் பொதுவான ஓர் 'இப்பொழுது' இல்லை என்னும் செய்தி. மிதிவண்டி வேகத்தில் ஓடிய நீர் அதனைக் காட்டிக்கொண்டிருந்தது.

1950இல் தம்மைக் காணவந்த இயற்பியலார் சாங்கலண்டிடம், தம் சிந்தனையை மிகுதியும் தூண்டியவை விண்மீன் ஒளியின் பிறழ்ச்சியும் ஓடும் நீரில் ஃபீசோ செய்த அளவீடுமே என்றும், அவையே போதுமானவையாக இருந்தன என்றும் ஐன்ஸ்டைன் கூறினார். நினைவிலிருந்து முதுமையில் சொன்ன சொல் என்பதால் இதனை அளவோடு கொள்ள வேண்டும். ஆயினும் 1887ஐ மட்டுமே தொடக்கமாகக் கொள்ளும் வழக்கத்தைத் தளர்த்த இது போதும்.

எல்லையும் எஞ்சியதும்

ஃபீசோவின் ஆய்வில் ஒரு வேகம் பெரிது, மற்றொன்று மிகச் சிறிது. இரண்டும் பெரியனவாக இருந்தால் என்னாகும் என்பதை 1964இல் செனீவாவிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் பார்த்தனர். ஒளியின் வேகத்தில் 0.99975 பங்கு வேகத்தோடு பறந்த பையான் என்னும் துகள்கள் சிதைந்து காமாக் கதிர்களை முன்னோக்கி வெளியிட்டன. பழைய கூட்டலின்படி அக்கதிர்கள் ஒளியைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விரைந்து செல்லவேண்டும். அளந்து பார்த்தபோது அவை ஒளியின் வேகத்திலேயே சென்றன. பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

பழைய கூட்டல் முற்றும் மறைந்துவிட்டதா என்று கேட்கலாம். 1911இல் ஆல்பிரட் ராப் என்னும் இயற்பியலார் வேகத்துக்கு மாறாக வேறோர் அளவையை எடுத்துக்கொண்டு அதற்குத் தனிப்பெயர் இட்டார். தமிழில் அதனை 'விரைமை' எனலாம். சிறு வேகங்களில் அது வேகத்தோடு ஒத்து நிற்கும்; ஒளியின் வேகத்தை நெருங்க நெருங்க எல்லையின்றி வளரும். ஒரே கோட்டில் செல்லும் இயக்கங்களின் விரைமைகள் எவ்விகாரமுமின்றிக் கூடுகின்றன. கூட்டல் அழியவில்லை, கூட்டவேண்டியதை நாம் தவறாகத் தேர்ந்திருந்தோம்.

ஃபிரெனெலின் ஈதர் இன்று இல்லை. லோரன்ட்ஸின் அசையா ஈதரும் இல்லை. 7/16 என்ற பின்னம் மட்டும் இருக்கிறது. பிழையான எண்ணத்திலிருந்து சரியான விதி பிறக்கக்கூடும் என்பதும், சரியான விதி கையிலிருப்பதாலேயே அதனைப் புரிந்துகொண்டோம் என்று ஆகிவிடாது என்பதும் இவ்வரலாறு தரும் பாடங்கள். பாடத்தைத் திருத்தமாகக் காத்து, உரையை ஐயத்தோடு ஏற்று, அடுத்து வருபவர்க்கு இடம் விட்டுச் சென்றார் ஃபீசோ. 1896இல் அவர் மறைந்தபோது தம் குழாய்களில் ஓடியது காலத்தைப் பற்றிய செய்தி என்பதை அவர் அறியார். அறியாமலே அதனைச் சிதையாமல் நம்மிடம் சேர்த்துவிட்டார்.